ஆப்பிள் தீராத வீடு

ஒருவர் சென்னையில் குடியேறிவிட்டாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உலகத்திலேயே ஒரே ஒரு பாறைக்குத்தான் உண்டு. அந்தப் பாறை எங்கள் ஊரில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம், ரேஷன் அட்டை, கேஸ் இணைப்பு என்று ஒருவர் எதை வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். பாறை ஒப்புக்கொள்ளாத வரை அவர் சென்னையில் குடியிருப்பவர் அல்ல. சும்மா போயிருக்கிறார், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் ஏரிப்புத்தூர். கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை இறங்கி முடிகிற இடத்தில் இருக்கிறது. ஊருக்குள் எங்கு நின்றாலும் சிக்னல் கிடையாது. ஏரிக்கரைக்கு மேலே, எருமை படுத்திருப்பது போல ஒரு பாறை உண்டு. அதன் முதுகில் ஏறினால் போனில் இரண்டு கோடு வரும். கழுத்துப் பக்கம் போனால் நான்கு. கரும்பு வெட்டி முடித்து, கை கால் கழுவி, சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் ஊர் முழுக்கப் பாறைமேல் இருக்கும். மலையில் மேகம் இறங்கிவிட்டால் அன்றைக்குச் சென்னை கிடையாது. சபை மறுநாளைக்கு ஒத்திவைக்கப்படும்.

பாறையை நடத்துவது ஒரு வாட்ஸ்அப் குழு. பெயர், 'ஏரிப்புத்தூர் சென்னைவாழ் உறவுகள்'. நிறுவனர், தலைவர், அட்மின் எல்லாமே ஜெயப்பிரகாஷ் அண்ணன். எட்டு வருடத்துக்கு முன்பு ஊரிலிருந்து முதலில் போனவர். அங்கே அடுக்குமாடி கட்டுகிற இடத்தில் மேஸ்திரி. ஆள் சேர்ப்பதும் அவர்தான். ஆனால் 'வேலைக்கு ஆள் வேண்டும்' என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை. அது நாகரிகமற்ற பழைய முறை. அவர் படம் போடுவார். ஆட்கள் தாமாகவே மூட்டை கட்டுவார்கள்.

குடியேற்ற விதிகளை வகுத்ததும் அவரே. மூன்று படங்கள் வர வேண்டும். சோபாவில் கால்மேல் கால் போட்ட படம் ஒன்று. ஃபிரிட்ஜைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒன்று. பால்கனியில் நின்று, யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்ப்பது ஒன்று. மூன்றும் வந்ததும் அண்ணன் 'செட்டில்டு' என்று போடுவார். அதுவரை 'அவன், இவன்' என்று ஊரில் பேசப்பட்டவர் அன்றைக்கே 'அவுங்க' ஆகிவிடுவார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு நடுவில் எனக்குப் பேச்சு வராது. தமிழில் வேகமாக டைப் அடிப்பேன். இந்தத் தகுதிகளைப் பரிசீலித்த பாறை, என்னைத் தன் எழுத்தராக நியமித்தது. யார் வாழ்த்த வேண்டுமானாலும் தன் போனை என்னிடம் நீட்டுவார்கள். 'சூப்பர் மாமா', 'வாழ்க வளமுடன்', 'செம கெத்து' ஆகிய மூன்றும் பாறையின் அங்கீகரிக்கப்பட்ட கருத்துகள். ஒரே நாளில் நாற்பது பேருடைய மகிழ்ச்சியை நான் ஒருத்தியே டைப் அடித்திருக்கிறேன்.

என் அக்கா எழில்மதியும் அவள் வீட்டுக்காரர் பகலவன் மாமாவும் போன வருடம் தைக்குப் பிறகு சென்னைக்குப் போனார்கள். இருபதாம் நாள் மூன்று படங்களும் வந்தன. சாம்பல் நிறச் சோபா. பின்னால் சுவரில் ஓடுகிற வெள்ளைக் குதிரை. முன்னால் கண்ணாடி மேசை, அதன்மேல் கூடை, கூடையில் ஏழு ஆப்பிள்.

பாறை அந்தப் படங்களை ஆழ்ந்து ஆராய்ந்தது. அதற்கு முன்பு செட்டில் ஆன நான்கு குடும்பங்களின் வீட்டிலும் இதே சோபாதான், இதே குதிரைதான், இதே கூடையில் இதே ஏழு ஆப்பிள்தான். வேறு ஊராக இருந்தால் இதைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். எங்கள் ஊர் சிந்திக்கிற ஊர்.

"மெட்ராசுல சோபா வாங்குனா குதிர ஃப்ரீ போலக்கீது" என்றார் அப்பா.

பாறையின் மூத்த உறுப்பினரான ஆண்டாள் பெரியம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அது கெடக்கட்டும், ஆப்புளப் பாரு. அஞ்சு வூட்லயும் யாரும் தொடல. தின்னு தின்னு அலுத்துப்பூட்ச்சு அவுங்களுக்கு."

ஆப்பிள் தீராத வீடு என்று அக்காவின் வீட்டுக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

அக்கா உண்டானாள். எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டு, முதல் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். அம்மா இருசம்மாள், இந்த நவீன முன்னேற்றங்கள் எதுவும் புரியாதவள், பழைய ஞாபகத்தில் கூரைக்குப் புதுக் கீற்று மாற்றினாள். மூன்று பெட்டைக்கோழிகளை அக்காவின் பெயரில் வளர்த்தாள்.

ஒரு நாள் அக்கா போன் செய்தாள். எங்கள் ஊரில் போன் என்றால் பாறை. பாறை என்றால் ஸ்பீக்கர். தாயும் மகளும் பேசுவதை ஊர் கேட்காவிட்டால் ஊருக்கு என்ன மரியாதை?

"அம்மா, எனக்கு நம்ம வூட்டுக்கு வந்துரணும்னு கீதும்மா."

அம்மா வாயைத் திறப்பதற்குள் ஆண்டாள் பெரியம்மா முந்திக்கொண்டாள். "கேட்டீங்களாடி கூத்த! ஏசி வூட்ல கீறவளுக்குக் கூரையாண்ட புள்ள பெக்கணுமாம். ஏண்டியம்மா, ஃபிரிட்ஜு கதவு ரொம்ப கனக்குதா?"

பாறையே சிரித்தது.

"சும்மா சொன்னேன் பெரிம்மா" என்றாள் அக்கா.

விஷயம் முக்கியமானது என்பதால் ஜெயப்பிரகாஷ் அண்ணன் மறுநாளே குழுவில் வாக்கெடுப்பு நடத்தினார். 'சகோதரி எழில்மதியின் வளைகாப்பும் தலைப்பிரசவமும் எங்கே? (1) சென்னை சொந்த ஃபிளாட். (2) ஊர்க் கூரை வீடு.' அப்பாவின் போன், அம்மாவின் போன், ஆண்டாள் பெரியம்மாவின் போன் என்று வரிசையாக நீட்டினார்கள். எழுத்தர் என்ற முறையில் எல்லோருக்கும் ஒன்றாம் எண்ணை நான்தான் அழுத்தினேன். அம்மா போனை நீட்டும்போது, "ரெண்டுல கீறது இன்னாடி?" என்று மெதுவாகக் கேட்டாள். அதற்குள் அழுத்திவிட்டிருந்தேன்.

நாற்பத்தொன்றுக்கு ஒன்று. ஜனநாயகம் பெருவாரியாக வென்றது. அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று தொட்டுப் பார்த்தால் தெரியும். தொட்டுப் பார்த்தோம். எழில்மதி.

"கை தவறிப் பட்டுருக்கும்" என்றார் அப்பா. அதையும் அப்படியே டைப் அடித்தேன். அக்கா கீழே ஒரு கட்டைவிரல் போட்டாள்.

வளையல் சொல்லி வைத்திருந்தது கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ரஜியாக்காவிடம். சுற்றுவட்டாரத்தில் எந்த வளைகாப்பு என்றாலும் அவரே நேரில் வந்து கைவலிக்காமல் போட்டுவிடுவார். அவர் வீட்டுக்காரர் காஜா பாயிடம் வேன் இருந்தது. அளவு கேட்க வந்த ரஜியாக்காவைப் பாறைமேல் ஏற்றி, அக்காவின் வீட்டைக் காட்டினோம். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது பிளாஸ்டிக் ஆப்புளு."

பாறை போனை நோக்கிக் குனிந்தது.

"நம்ம கடைலயே ரெண்டு டஜன் கெடக்குது. காம்புக்குக் கீழ ஒரு ஒட்டு தெரியும் பாருங்க. தோ, தெரியுதா? நெசமாவே வூடு இருந்தா ஒரு ஆப்புளையாச்சும் எவனாச்சும் கடிச்சிருக்க மாட்டான்?"

"ரஜியா, உனுக்குப் பொறாம ஜாஸ்தி" என்றாள் ஆண்டாள் பெரியம்மா.

"ஆமாங்க, எனுக்கு ஆப்புளு மேல பொறாம" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். ஆனாலும் வளையல் பெட்டியோடு சரியாக ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வந்து நின்றார்.

வேனில் பன்னிரண்டு பேர் போனோம். காஜா பாய், ரஜியாக்கா, அப்பா, அம்மா, நான், சித்தப்பா வீட்டு ஆட்கள், மணலூர்பேட்டையிலிருந்து பகலவன் மாமாவின் சொந்தக்காரர்கள். ஆண்டாள் பெரியம்மா முழங்கால் வலியால் வரவில்லை. பாறையை நிர்வகிக்கத் தங்கிவிட்டாள்.

கேளம்பாக்கம் தாண்டி ஒரு மணி நேரம் உள்ளே போனால், பாதி எழும்பிய ஆறு கட்டடங்கள். வாசலில் ஜெயப்பிரகாஷ் அண்ணன் மஞ்சள் தலைக்கவசத்துடன் நின்றார். எங்களைப் பின்பக்கமாக அழைத்துப் போனார். அங்கே தகரக் கொட்டகைகள் வரிசையாக இருந்தன. ஒரு தகரச் சுவரில் அக்காவின் கிளிப்பச்சைப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அம்மா அந்தப் புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தகரத்தையும் தொட்டாள். சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

கொட்டகைக்குள்ளிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து அக்கா வெளியே வந்தாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு. மாமா பின்னாலேயே வந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாம்மா" என்றாள் அக்கா.

"இன்னாடி இது?" என்றாள் அம்மா.

ஜெயப்பிரகாஷ் அண்ணன் தொண்டையைச் செருமினார். "அத்த, இது தற்காலிகத் தங்குமிடம். வூடு மேல கீது. மூணாவது மாடி. பகலவன்தான் அதத் தெனமும் தொடைச்சி வெக்கிறாரு, சாவியே அவர்கிட்டத்தான் கீது. சாவி யார்கிட்ட கீதோ அவுரு வூடுதான? இன்ஜினியரு சாப்புடப் போறது ஒன்னு பத்துக்கு. வர்றது ஒன்றரைக்கு. இருவது நிமிசத்துல வளகாப்பு. யாரும் செருப்போட ஏறாதீங்க. சோபாவுல கவர் மேலயே ஒக்காருங்க."

லிஃப்ட் இன்னும் பொருத்தவில்லை. ஏழு மாத வயிற்றோடு அக்கா மூன்று மாடி ஏறினாள். 'மாதிரி வீடு' என்று பலகை மாட்டிய கதவு திறந்தது. குளிர்ந்த காற்று. சாம்பல் நிறச் சோபா. குதிரை. ஏழு ஆப்பிள். கோயிலுக்குள் நுழைந்தது போல எல்லோருக்கும் கை தானாகக் குவிந்தது. ரஜியாக்கா மட்டும் நேராகப் போய் ஓர் ஆப்பிளை எடுத்து மேசையில் தட்டினார். டொக் என்றது.

"பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. விளக்கு மட்டும் எரிந்தது.

சந்தனம் பூசி, ஒரு கைக்கு வளையல் போட்டு முடிப்பதற்குள் கதவு திறந்தது. விற்பனைப் பிரிவு விஜயலட்சுமி மேடம், வீடு பார்க்க வந்த கணவன் மனைவியோடு நின்றார். ஜெயப்பிரகாஷ் அண்ணன் தலைக்கவசத்தைக் கழற்றினார். மாமா கையிலிருந்த சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

மேடம் மூன்று விநாடி எங்களைப் பார்த்தார். பிறகு, சிரித்தார்.

"வாங்க சார், வாங்க மேடம். வெறும் ஹாலைக் காட்டுனா உங்களுக்கு என்ன புரியும்? அதான் ஒரு நேரடிச் செயல்விளக்கம். உங்க வீட்டு விசேஷம் இங்க எப்படி நடக்கும்னு பாருங்க. இருபது பேர் தாராளமா நிக்கலாம்."

வீடு பார்க்க வந்த அம்மாள் நெகிழ்ந்துபோனார். "எவ்ளோ நேச்சுரலா பண்றாங்க! அந்தப் பொண்ணு நிஜமாவே மாசமா இருக்கா?"

"எங்ககிட்ட எல்லாமே நிஜம்தான் மேடம்."

பத்து நிமிடத்தில் முன்பதிவு முடிந்தது. மேடம் திரும்பி வந்து அக்காவின் கன்னத்தைத் தட்டினார். "இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வளையலோட வந்து உட்காரும்மா. பத்துலேர்ந்து அஞ்சு வரைக்கும். குழந்தை பிறந்தா அதையும் தூக்கிட்டு வா, இன்னும் நல்லா இருக்கும்."

இதைவிட முறையான குடியேற்றம் சென்னை வரலாற்றில் நடந்திருக்குமா? ஊரிலிருந்து வந்த ஒரு கூலிக்காரப் பெண்ணுக்கு, அடுக்குமாடிக் குடியிருப்பில், நிர்வாகமே முன்வந்து இடம் கொடுக்கிறது.

"அஞ்சு மணிக்கு மேல நான் எங்க போவணும் மேடம்?" என்று அக்கா கேட்டாள். அவளுக்கு எப்போதும் இப்படி விவரம் இல்லாத கேள்விதான்.

கீழே வந்ததும் அக்கா கொட்டகைக்குள் போய் ஒரு பையோடு வந்தாள். எப்போதோ கட்டி வைத்திருந்த பை. அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேனைப் பார்த்து நடந்தாள். நானும் பின்னாலேயே நடந்தேன். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் ஜெயப்பிரகாஷ் அண்ணன் படங்களை ஏற்கெனவே குழுவில் போட்டுவிட்டிருந்தார். அப்பா சோபாவில் கால்மேல் கால் போட்ட படமும் அதில் இருந்தது. அப்பா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேன் கதவுக்குக் குறுக்கே நின்றார்.

"முப்பத்தெட்டு இதயம் வந்துகீது."

"வழிய வுடுங்க" என்றாள் அம்மா. "புள்ள வெந்துக்கினு கீது இங்க."

"இருசம்மா, நாப்பது வருசம் கரும்பு வெட்னேன். மட்ட கிழிச்சி ரத்தம் ஒழுவ வெட்னேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன் ஒரு இதயம் போட்டானா? இப்ப இவள ஊருக்குக் கூட்டிம்போனா பாறைல இன்னா சொல்லுவ? ஆப்புளு தீராத வூட்ட வுட்டுட்டு ஏன் வந்தான்னு ஆண்டா கேப்பாளே, இன்னா சொல்லுவ?"

"பொய்னு சொல்லுவேன்."

"அப்ப நான் சோபாவுல ஒக்காந்துகினு கீறதும் பொய்தான?"

அப்பா அப்படி அழுது நாங்கள் பார்த்ததில்லை. அக்காதான் முதலில் கையை விடுவித்துக்கொண்டாள். "வுடும்மா. அப்பா சோபாவுல ஒக்காந்துட்டாரு" என்று சொல்லிவிட்டுப் பையைக் கொண்டுபோய்த் தகரத்துக்குள் வைத்தாள். பிறகு என்னிடம் வந்தாள். காதோடு சொன்னாள்: "அன்னைக்கி எனுக்குக் கை தவறல."

அக்காவைப் பார்த்துக்கொள்ள அம்மா தங்கினாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள அப்பா. மற்றவர்கள் சோபாவில் ஒவ்வொருவராகப் படம் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்ததால், இன்ஜினியர் மறுபடி சாப்பிடப் போகும் வரை காத்திருந்தார்கள். 'பி' பிளாக்குக்கு ஆள் குறைவாக இருந்ததாம். அன்றே குறை தீர்ந்தது. பன்னிரண்டு பேராகப் போன வேனில் மூன்று பேர் திரும்பினோம்.

உளுந்தூர்பேட்டை வரைக்கும் ரஜியாக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். மடியில், இன்னொரு கைக்குப் போடாமலே மிஞ்சிய வளையல்கள் வேன் குலுங்கும்போதெல்லாம் சத்தமிட்டன.

"ஏண்டி" என்றார் திடீரென்று. "ஊர்ல எல்லார் வாய்க்கும் நீதான் டைப் அடிக்கிற. உன் வாய்க்கு யாரு அடிப்பா?"

காஜா பாய் ஹாரன் அடித்தார். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டேன்.

நான் இப்போது ஆண்டாள் பெரியம்மா வீட்டில் இருக்கிறேன். மூன்று கோழிகளையும் கொண்டுவந்துவிட்டேன். அக்காவுக்குப் போன மாதம், நல்ல வெயிலில், பெண் குழந்தை பிறந்தது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நான்காம் நாளே தகரக் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு பத்து மணிக்குக் குழந்தை சோபாவுக்கு வந்தது. குதிரைக்குக் கீழே, ஆப்பிளுக்குப் பக்கத்தில் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

அந்தப் படம் குழுவுக்கு வருவதற்கு முன்பு எனக்குத் தனியாக வந்தது. ஜெயப்பிரகாஷ் அண்ணன் கீழே எழுதியிருந்தார்: 'புள்ள உடம்பு செவப்பா தெரியுது. குடியேற்றப் படத்தில் செவப்பு வரக் கூடாது. சரிபண்ணி அனுப்பும்மா. ஊரே காத்துக்கினு கீது.'

ஊர் காத்துக்கொண்டுதான் இருந்தது. என்னைச் சுற்றிப் பாறைமேல் இருந்த எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு கோடு மூன்றானது.

"சீக்கிரம் போடுடி, மெட்ராசு மறஞ்சிரும்" என்றாள் ஆண்டாள் பெரியம்மா. "புள்ள யாராட்டம் கீது? உங்க அம்மா இன்னா சொன்னா?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா எடுத்த படமில்லை அது. ஓரத்தில் அம்மாவின் கை மட்டும், பனையோலை விசிறியோடு பாதி விழுந்திருந்தது. அதை முதலில் வெட்டினேன்.

பிறகு குழந்தையைப் பெரிதாக்கினேன். நெற்றியில், கழுத்து மடிப்பில், அக்குளில், வயிறு முழுக்க வேர்க்குரு. படம் திருத்தும் ஆப்பில் ஒவ்வொன்றாக விரலால் துடைத்தேன். பாறையின் எழுத்தராக இருந்த காலத்தில் நான் இவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை. உடம்பு பளிங்கு போல ஆனது. ஆனால் குழந்தை வாயை அகலமாகத் திறந்து அலறிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க அந்த ஆப்பில் வசதி இல்லை.

வாய்மேல் ஓர் இதயத்தை ஒட்டி அனுப்பினேன்.